பின் சீட்டில் அழுகையா? அறிகுறி வாரியாகக் காரணமும் தீர்வும்

கார் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பின்னால் சிணுங்கல் ஆரம்பிக்கும். உடனே முன் சீட்டிலிருந்து ஒரு செல்போன் பின்னால் போகும். அழுகை நிற்கும். ஆனால் காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அரை மணியில் வாந்தியாகவோ சண்டையாகவோ திரும்பி வரும். 'அடம்' என்று நாம் பெயர் வைப்பதில் பாதிக்கு மேல் உண்மையில் முகத்தில் அடிக்கும் வெயில், முறுக்கிக்கொண்ட பெல்ட், அடக்கிவைத்த சிறுநீர், வெறும் வயிறு. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் உடம்பு, அடுத்து சீட், கடைசியில் மனசு. போன் அதற்கும் பிறகு.

"அம்மா, ஒரு மாதிரி இருக்கு"

பேசிக்கொண்டே வந்த குழந்தை திடீரென்று அமைதியானால் திரும்பிப் பாருங்கள். கொட்டாவி, வெளுத்த முகம், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, எச்சில் விழுங்குவது. இவற்றில் இரண்டு தெரிந்தாலே வாந்திக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன.

வளைவில் உடம்பு ஆடுவதை உள்காது மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையோ போன் திரையையோ பார்த்துவிட்டு 'ஒன்றும் அசையவில்லை' என்கிறது. இந்த இரண்டு தகவலும் மோதுவதுதான் குமட்டல். 2 வயதுக்குள் இது அபூர்வம். 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். காரை ஓட்டுபவருக்கு வாந்தி வராததற்கும் இதுவே காரணம்: அடுத்த வளைவு அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

உடனே செய்ய வேண்டியவை: போன், புத்தகம் எதுவாக இருந்தாலும் வாங்கிவிடுங்கள். ஏசியில் உள்காற்றே சுற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், அல்லது கண்ணாடியை இறக்குங்கள். தலையைச் சீட்டில் சாய்த்து, முன் கண்ணாடி வழியாகத் தூரத்து மலையையோ சாலையின் கடைசி முனையையோ பார்க்கச் சொல்லுங்கள். அகலமான இடம் கிடைத்ததும் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் தரையில் நிற்க வையுங்கள். "வாந்தி வருதா, வருதா" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கேட்கக் கேட்க வரும்.

தடுக்க வேண்டிய இடம் மலையில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. ஊட்டிக்குப் போகும் குடும்பங்கள் மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, பொங்கல், வடை, பூரி, மேலே ஒரு டம்ளர் பால் என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, நேராகக் குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார்கள். எண்ணெயும் பாலும் வயிற்றில் தங்கி நிற்கும் நேரம் அது. கோவையிலிருந்து போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும்; அடிவாரம் வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வெறும் வயிறும் ஆகாது. மலையில் வேண்டுமானால் ஒரு வாய் உப்பு பிஸ்கட், ஒரு மடக்கு தண்ணீர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70 வளைவு. அங்கெல்லாம் இந்த விதி இன்னும் கறாராக வேண்டும்.

ஓட்டுநரின் பங்கு சின்னது அல்ல. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், ஒரே கியரில் ஒரே சீராகத் திருப்பினால் பாதி குமட்டல் குறையும். வளைவுக்குள் போய் பிரேக் அடித்து, வெளியே வந்ததும் ஆக்சிலேட்டரை மிதிப்பவர் வண்டியில் பெரியவர்களுக்கே வயிறு புரட்டும். டேஷ்போர்டில் வைக்கும் வாசனை டப்பாவைக் கிளம்பும் முன்பே கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வது, இஞ்சி மிட்டாய் சப்புவது எல்லாம் சில குழந்தைகளுக்கு ஆறுதல் தரும். எல்லோருக்கும் வேலை செய்யாது.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, குமட்டல் வந்த பிறகு கொடுப்பது. பயண வாந்திக்கான மருந்து கிளம்புவதற்குக் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டான்செட்ரான் சிரப்பைக் கொடுப்பது. வயிற்றுப்போக்குக் காலத்து வாந்திக்கு அது கேட்கும். பயண வாந்தியைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பலன் இல்லை. பயண வாந்திக்குக் கொடுக்கப்படும் புரோமெதசின் என்ற மருந்து 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடவே கூடாது. எந்த மருந்தானாலும் எடைக்கு ஏற்ற அளவைக் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கைக்கு எட்டும் இடத்தில், டிக்கியில் அல்ல, இருக்க வேண்டிய பை: ஒரு லிட்டர் கொள்ளும் ஜிப் கவர் ஐந்து, பழைய துண்டு இரண்டு, செய்தித்தாள், கழுவுவதற்கென்று தனியாக ஒரு லிட்டர் தண்ணீர், குழந்தைக்கு ஒரு செட் துணி, மடியில் வாங்கப்போகும் பெரியவருக்கும் ஒரு சட்டை. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறப்பார்கள். கேரி பேக் நம்பகமில்லை. பலவற்றில் அடியில் ஓட்டை இருக்கும்.

சீட்டில் விழுந்துவிட்டால் கெட்டியானதை அட்டையால் வழித்தெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். பிறகு ஆப்பசோடாவைத் தூவி 20 நிமிடம் விட்டுத் தட்டினால் வாடை பெருமளவு போகும். குழந்தை சீட்டின் பெல்ட் நாடாவை மட்டும் சோப்புத்தூளில் ஊற வைக்காதீர்கள், நூல் பலவீனமாகும். லேசான சோப்பு நீரில் துடைத்தால் போதும். பக்கிளுக்குள் போனதை வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உள்ளே காய்ந்துபோனால் 'க்ளிக்' விழாது; பூட்டியது போலத் தெரியும், பூட்டியிருக்காது.

சீட்டில் உட்கார வைத்ததும் வில்லாக வளைந்து அழுகிறது

முதலில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெயிலில் நின்ற காரில் பக்கிளின் உலோகமும் கறுப்பு பிளாஸ்டிக்கும் தோலைச் சுடும். நிறுத்தும்போது சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டு இறங்குவது இரண்டு ரூபாய்ச் செலவில்லாத தீர்வு.

அடுத்து நாடா. பின்புறம் பார்த்து உட்காரும் கைக்குழந்தைக்கு நாடா தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்புறம் பார்த்து உட்காரும் குழந்தைக்குத் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். போன தீபாவளிக்குச் சரியாக இருந்த உயரம் இந்தப் பொங்கலுக்குத் தோளை அழுத்தும். குழந்தை வளர்ந்திருக்கும், நாடாவை யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். இறுக்கத்தைப் பார்க்க, தோள்பட்டை அருகே நாடாவை இரு விரலால் கிள்ளுங்கள். மடிப்புப் பிடிபட்டால் தளர்வு. விரல் வழுக்கினால் சரி. சீட்டை அடியில் பிடித்து உலுக்கினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. அதிகம் ஆடும் சீட்டில் ஒவ்வொரு பிரேக்குக்கும் குழந்தையின் கழுத்து முன்னால் போய்வரும்; அழாமல் என்ன செய்யும்?

பூஸ்டரில் (காரின் பெல்ட் சரியாகப் படிய உயரம் கூட்டும் இருக்கை) உட்காரும் பெரிய பிள்ளை "பெல்ட் குத்துது" என்றால் இடுப்புப் பெல்ட் வயிற்றின் மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது தொடை மேல் படிய வேண்டும். மேல் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவே வர வேண்டும். சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பெரியவர்களின் பெல்ட் சரியாகப் படியாது.

"பாவம், மடியிலேயே வெச்சுக்கறேன்" என்று பாட்டி சொல்வார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ தூக்கும் பலம் வேண்டும், கிட்டத்தட்ட மூன்று சிமென்ட் மூட்டை. எந்தக் கையாலும் முடியாது. முன் சீட்டில் மடியில் இருந்தால் ஏர்பேக்கும் சேர்ந்து மோதும். 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. பாட்டியிடம் சட்டத்தைவிட சிமென்ட் மூட்டைக் கணக்கு நன்றாக எடுபடும்.

கைக்குழந்தை என்றால் ஒரே சாய்வில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாடை மார்பில் இடிக்கும் அளவுக்குத் தலை கவிழ்ந்தால் மூச்சு சிரமப்படும். சீட்டின் சாய்வைக் கூட்டுங்கள். பால் கொடுக்க எடுப்பது கார் நின்ற பிறகுதான். ஏப்பம் விட வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் நிமிர்த்திப் பிடித்துவிட்டு மறுபடி பூட்டினால் கக்காது.

ஒரு பக்கம் உட்கார்ந்தவர் மட்டும் நச்சரிக்கிறார்

வெயில்தான். சென்னையிலிருந்து தெற்கே, மதுரை பக்கம் போகும்போது காலை வெயில் இடது ஜன்னலில் அடிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பக்கம் மாறும். திரும்பி வரும்போது தலைகீழ். தெற்கே போகும்போது காலையில் குழந்தையை ஓட்டுநருக்குப் பின்னாலும், மதியத்துக்கு மேல் இடப்பக்கமும் உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வலப்பக்கம் இருக்கும் குழந்தையை மட்டும் எப்போதும் இடக் கதவு வழியாகவே இறக்குங்கள். வலக் கதவு ஹைவேயைப் பார்த்துத் திறக்கும்.

ஏசி முகத்தில் நேராக அடித்தால் கண் காய்ந்து, மூக்கடைத்துக்கொண்டு அழும். காற்றுத் துளைகளை மேல்நோக்கித் திருப்புங்கள். குளிரா, புழுக்கமா என்பதைக் கை காலைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள், பிடரியைத் தொடுங்கள். பிடரி வியர்த்திருந்தால் போர்வையை எடுக்க வேண்டும்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

செங்கல்பட்டு தாண்டும் முன் பத்து முறை இந்தக் கேள்வி வந்தால் குழந்தை பொறுமையில்லாதது என்று அர்த்தமில்லை. ஐந்து வயதுக்கு 'மூணு மணி நேரம்' என்பது வெறும் சத்தம். மணியை எண்ணத் தெரியாது, பொருளை எண்ணத் தெரியும். ஆகவே தூரத்தைப் பொருளாக்கிக் கொடுங்கள்.

சென்னை–மதுரை வழியில் சுங்கச்சாவடிகள் இப்படி வரும்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. எட்டு. ஒரு சணல் கயிற்றில் எட்டுத் துணிக் கிளிப் மாட்டி முன் சீட்டின் முதுகில் கட்டுங்கள். ஒவ்வொரு டோல் தாண்டும்போதும் குழந்தையே ஒரு கிளிப்பைக் கழற்றட்டும். இரண்டாவது டோலிலிருந்து கேள்வி நின்று, "இன்னும் ஆறு" என்ற அறிவிப்பு வரும். உங்கள் வழிக்கு டோல் இல்லையென்றால் ஆற்றுப் பாலங்களை எண்ணலாம்.

ஏழு வயதுக்கு மேல் என்றால் நம்பர் பிளேட். டி.என். 37 கோவை தெற்கு, 43 ஊட்டி, 45 திருச்சி, 49 தஞ்சை, 58 மதுரை தெற்கு, 59 மதுரை வடக்கு, 69 தூத்துக்குடி, 72 நெல்லை, 74 நாகர்கோவில். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பார்த்ததை அடிக்கச் சொல்லுங்கள். நிறத்துக்கும் கணக்கு உண்டு: வெள்ளை சொந்த வண்டி, மஞ்சள் வாடகை வண்டி, பச்சை மின்சார வண்டி, கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுத்தது. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை.

வெளியே இருட்டிவிட்டால் வாய் விளையாட்டு. பாட்டுக்குப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். சொல்லுக்குச் சொல் விளையாடும்போது தமிழில் ஒரு முட்டுக்கட்டை வரும்: ல், ள், ர், ன் என்று சொல் முடியும், அந்த எழுத்தில் அடுத்த சொல் தொடங்காது. பிள்ளைகள் மூன்றாவது சொல்லில் சோர்ந்துவிடுவார்கள். கடைசி எழுத்துக்குப் பதில் கடைசி உயிர் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். மயில் (இ), இட்லி (இ), இறால் (ஆ), ஆடு (உ), உரல் (அ), அணில் என்று ஓடிக்கொண்டே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் காதை வைத்தே விளையாடலாம்.

பொம்மை கொண்டு போகிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் கிளம்பும்போதே கொட்டாதீர்கள். நான்கைந்து சின்னப் பொருளைத் தனித்தனிச் செய்தித்தாளில் சுற்றி வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. பிரிப்பதே ஐந்து நிமிட வேலை. கிரேயான் வெயிலில் உருகி சீட்டில் ஒட்டும். கலர் பென்சில் போதும். மூடியுள்ள ஸ்கெட்ச் பேனாவும் வேண்டாம், மூடி முதல் திருப்பத்திலேயே சீட்டுக்கு அடியில் போய்விடும்.

"அவன் என் பக்கம் வர்றான்"

சண்டையில் யார் சரி என்று விசாரிக்காதீர்கள். எப்போது கடைசியாகச் சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். இரண்டரை மணி நேரம் தாண்டியிருந்தால் தீர்ப்பு அதுதான், ஆளுக்கொரு வாழைப்பழம். பசி இல்லையென்றால் எல்லைத் தகராறு. நடுவில் ஒரு பையை வைத்து எல்லை போடுங்கள், பெரியவர் ஒருவர் இருந்தால் அவரே எல்லை. ஜன்னல் உரிமை, அடுத்த பாட்டை யார் சொல்வது, இரண்டும் டோலுக்கு டோல் மாறும் என்று கிளம்பும்போதே அறிவித்துவிட்டால் நடுவழியில் வழக்கு வராது. ஓட்டுபவர் பின்னால் திரும்பவே கூடாது. அடிதடி வரை போனால் பங்க்கிலோ ஹோட்டல் வாசலிலோ நிறுத்துங்கள். ஹைவே ஓரத்தில் நிறுத்தாதீர்கள்.

போன் கொடுத்தே ஆக வேண்டிய கட்டம் வரும், வரட்டும். நேரான நாற்கரச் சாலையில் மட்டும், கண் உயரத்தில், முன் சீட்டின் முதுகில் இறுகப் பொருத்தி. படத்தை வீட்டு வைஃபையில் முன்பே இறக்கி வையுங்கள். பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் சிக்னல் போய் படம் பாதியில் நின்றால், கொடுக்காததைவிடப் பெரிய அழுகை. மலை ஏறத் தொடங்கினால் பறித்துவிடுங்கள். கதை கேட்பது எங்கும் ஆகும்.

"ஒண்ணுக்கு வருது" இப்போதுதானே நிறுத்தினோம்!

நிறுத்தியபோது "வருதா?" என்று கேட்டிருப்பீர்கள், "இல்ல" என்று சொல்லியிருக்கும். கேட்காதீர்கள், இறங்கினால் எல்லோரும் போய்வர வேண்டும் என்பதே விதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும், குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்றும் வரும். மொத்தமாக ஒரு பாட்டில் குடிக்க விடாமல் சிறு சிறு மடக்காகக் கொடுங்கள்.

டயப்பர் காரில் மட்டும் கசிகிறதா? உட்கார்ந்த நிலையில் நாடா அழுத்தி, உறிஞ்சும் பகுதி மடங்குகிறது. பயணத்துக்கு ஒரு அளவு பெரியதாகப் போட்டு, இரண்டரை மணிக்குள் மாற்றுங்கள். ஆண் குழந்தை என்றால் குறி கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டுங்கள். வயிற்றுப் பக்கம் ஈரமானால் குறி மேல்நோக்கி இருந்ததே காரணம்.

வயிறு கெட்டுவிட்டது

தேங்காய்ச் சட்னியும் மதிய வெயிலில் வைத்த தயிர்சாதமும் முதல் சந்தேக நபர்கள். தயிர்சாதம் வேண்டுமென்றால் காய்ச்சி ஆறிய பாலில் சாதத்தைப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். மதியத்துக்குள் பதமாக உறைந்திருக்கும். பொடி தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்தி ஆகியவை தாங்கும். வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் ஓஆர்எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கொஞ்சம் போட்டுக் கலக்கினால் உப்பின் அளவு தாறுமாறாகும். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, வாய் காய்ந்து துவண்டு கிடக்கிறது என்றால் பயணத்தை நிறுத்தி மருத்துவமனை. 108 எங்கும் உண்டு; தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐயும் அழைக்கலாம்.

ஓடும் காரில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் கொடுக்காதீர்கள். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் தொண்டையில் சிக்கும். பின்னால் திரும்பி எடுக்க அப்போது நேரம் இருக்காது.

மலை இறங்கும்போது காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது

காற்றழுத்தம் மாறுகிறது. விழுங்கினால் சரியாகும்: தண்ணீர் ஒரு மடக்கு, பெரிய பிள்ளைக்குச் சப்ப மிட்டாய். சளி இருந்தால் வலி அதிகமாகும். நடுவில் ஒரு முறை நிறுத்தி இறங்குங்கள்.

ஒரு சத்தமும் இல்லை

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டால் ஓட்டுபவருக்கும் கண் சொருகும், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பின்பும் விடியலுக்கு முன்பும். முன் சீட்டில் இருப்பவர் தூங்கக்கூடாது. தூக்கம் வந்தால் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள்.

டீ குடிக்க இறங்கும்போது "தூங்குறான், எழுப்ப வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவது நம் ஊர் வெயிலில் உயிர் விஷயம். பத்து நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்; கண்ணாடியை ஒரு இன்ச் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. ஏசியைப் போட்டுவிட்டுப் போவதும் தீர்வல்ல. இன்ஜின் நிற்கலாம், விழித்த குழந்தை கியரை இழுக்கலாம். ஒருவர் உள்ளேயே இருக்க வேண்டும், அல்லது தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கூட்டத்தில் யார் தூக்குவார் என்று குழம்பும் பெரிய குடும்பம் என்றால், உங்கள் கைப்பையையும் பர்ஸையும் குழந்தையின் காலடியில் வையுங்கள். டீக்குக் காசு கொடுக்க அங்கே குனிந்தே ஆக வேண்டும்.